மூன்றாம் படியில் தண்ணீர்

விலாங்கு விடுதி,
ஆஷ்லோட்,
12 மே 1986

நார்மன்,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை, அதனால் விட்டுவிட்டேன். உன் விலாசத்தை அஞ்சலகத்து டோராவிடம் கெஞ்சி வாங்கினேன். கூடப் பிறந்தவன் எங்கே குடியிருக்கிறான் என்று ஊராரிடம் விசாரிக்கும் நிலை எந்தத் தங்கைக்கும் வரக்கூடாது.

காரியமாகத்தான் எழுதுகிறேன். டியூக்ஸ்பரியிலிருந்து டெரெக் என்று ஒரு கொத்தனார் வந்தார். நிலவறைச் சுவர் விழுந்த இடத்தை மேலிருந்து பார்த்துவிட்டு, "முதல்ல கட்டினவர் போட்ட படம் இருந்தா குடுங்கம்மா, இல்லன்னா நான் கை வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். படம் உன்னிடம்தான் இருக்கிறது. அனுப்பி வை.

அவ்வளவுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் தபால்தலை ஒட்டுவதற்குள் மனது பொறுக்கவில்லை.

பதினோரு வருடம் பூட்டிக் கிடந்து, கூரையில் எல்டர் செடி முளைத்த வீடு இது. ரெக் பேருந்து ஓட்டுவதை விட்டான், நாங்கள் குடியிருந்த வீட்டை விற்றோம். நீ உன் வேலைகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு வந்தாய். நாம் மூன்று பேரும் இரண்டரை வருடம் சுண்ணாம்பைத் தின்று சுண்ணாம்பைத் துப்பினோம். மாடியில் ஆற்றைப் பார்த்த நான்கு அறை, கீழே பார், பின்னால் என் சமையலறை. ஆறு ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்று இந்த ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். வாசல் படிக்கட்டில் தண்ணீர் மூன்றாம் படியைத் தொட்டதும் நிலவறை மடையைத் திறந்து ஆற்றை உள்ளே விட வேண்டும். வெளியே இருக்கும் தண்ணீரும் உள்ளே இருக்கும் தண்ணீரும் எதிரெதிராகத் தள்ளினால் சுவர் நிற்கும். நிலவறை வெறுமையாக இருந்தால் சுவர் உள்ளே விழும். ஆற்றுக்கு ஊற்றுவது என்று நம் அப்பா காலத்திலிருந்து சொல்கிறோம். அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பியர் சும்மா.

நிலவறைச் சுவரைப் புதிதாகக் கட்டி, பழைய மரத்தக்கையை எடுத்துவிட்டு இரும்புச் சக்கரம் வைத்த மடை போட்டவன் நீ. மரண விசாரணையில் எழுந்து நின்று, "காலையிலேயே திருப்பிப் பார்த்தேன் ஐயா, சக்கரம் அசையல. நான் பொருத்தினதுல தப்பு. யார்கிட்டயும் சொல்லாம விட்டுட்டேன்" என்று சொன்னவனும் நீ. என் புருஷன் ஒரு டன் செங்கலுக்கும் சேற்றுக்கும் அடியில் கிடந்து செத்தான். நீ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு 'சொல்லாம விட்டுட்டேன்' என்கிறாய். ஏதோ பால்காரனிடம் சொல்ல மறந்தது போல.

எனக்கு அன்று சமையலறையில் மூச்சுவிட நேரமில்லை. இல்லாவிட்டால் நானே இறங்கிப் பார்த்திருப்பேன்.

படத்தை அனுப்பு. பதில் எழுத வேண்டாம்.

மேவிஸ்

*

டாட்ஸ் வீடு,
பெரிக்,
19 மே 1986

அன்புள்ள மேவிஸ்,

படம் மூன்று தாள். இத்துடன் இருக்கிறது.

டெரெக்கிடம் மூன்று விஷயம் சொல். சுவரை ஒன்றரைச் செங்கல் கனம் கட்ட வேண்டாம், இரண்டாகக் கட்டச் சொல். மடையைப் பழைய இடத்திலேயே வைக்கச் சொல். மின்சாரப் பெட்டியை நிலவறையிலிருந்து எடுத்து மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோகச் சொல். மடையைத் திறக்க வேண்டுமென்றால் வீடு முழுவதற்கும் மின்சாரத்தை நிறுத்தியாக வேண்டும் என்று இருந்தது. அப்படி வைத்திருக்கக் கூடாது.

பதில் வேண்டாம் என்றாய். படத்தோடு ஒரு தாள் சேர்த்து வைத்ததாக நினைத்துக்கொள்.

இங்கே ஒரு சிற்றாலயத்துக்கு மதில் எடுக்கிறேன். கடல் காற்று. சுண்ணாம்பு காயும் முன்பே உப்பு பூத்துவிடுகிறது. ஊரில் எனக்கு வேலை கொடுக்க ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

விசாரணை முடிந்த வெள்ளிக்கிழமை என் வேன் இருக்கையில் என் வெள்ளீயக் குவளை தாளில் சுற்றிக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. பாருக்கு மேலே கொக்கியில் தொங்கும் குவளையை இறக்கி ஒருவன் கையில் கொடுத்தால் ஆஷ்லோட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். இப்போது அதில் தேநீர் குடிக்கிறேன். வீட்டுக்காரி திருமதி டாட்ஸ், "இதென்ன, சர்ச் மணியைக் கவுத்துப் போட்டாப்ல" என்கிறாள்.

நன்றாகச் சாப்பிடு.

நார்மன்

*

ஆஷ்லோட்,
30 ஜூன் 1986

நார்மன்,

படம் வந்தது. டெரெக் அதை மேசையில் விரித்துப் பார்த்து ஒரு மணி நேரம் விசிலடித்துக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் வேலை ஆரம்பிக்கிறாராம்.

வேலை நடக்குமா என்பது வேறு விஷயம். பியர் ஆலைக்காரர்கள் இரண்டு முறை வந்து போனார்கள். வீட்டை வாங்கிக்கொள்கிறோம், வெள்ளம் வராத மேட்டில் புதிதாக ஒன்று கட்டிக்கொள்கிறோம், இதை இடித்துக் கார் நிறுத்த இடம் செய்கிறோம் என்கிறார்கள். விற்றுவிட்டால் ரெக் எதற்காகச் செத்தான் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? கார் நிறுத்துவதற்காக என்றா? விற்காவிட்டால் நிலவறைக் கதவைத் தாண்டித்தான் நான் தினம் சமையலறைக்குப் போக வேண்டும். இப்போது வெளியே சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போகிறேன். மழையிலும்.

அவன் கோட்டு இன்னும் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. பையில் பேருந்துக் கம்பெனி கொடுத்த விசிலும் ஒரு புதினா மிட்டாயும் இருந்தன. மிட்டாயைத் தின்றுவிட்டேன். தின்ற பிறகு அழுதேன். இதை யாரிடம் சொல்வது? உன்னிடம் சொல்லித் தொலைக்கிறேன், உன் மேல் எனக்கு மரியாதை எதுவும் மிச்சமில்லை என்பதால்.

ஒன்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் சுற்றி வளைத்தது.

சக்கரம் எவ்வளவு இறுக்கமாக இருந்தது? ரெக்குக்கு நல்ல கைவலு. இருபத்தாறு வருடம் பேருந்துச் சக்கரம் திருப்பியவன். அவன் பன்னிரண்டே முக்காலுக்கே திருப்பியிருந்தாலும் திறந்திருக்காதா? எந்த நேரத்தில் திருப்பியிருந்தாலும்?

திறந்திருக்காது என்று எழுது. நீ விசாரணையில் சொன்னது போதாது. எனக்கென்று, உன் கையெழுத்தில் வேண்டும்.

மேவிஸ்

*

பெரிக்,
4 ஜூலை 1986

அன்புள்ள மேவிஸ்,

திறந்திருக்காது. எந்த நேரத்தில் திருப்பியிருந்தாலும் திறந்திருக்காது. நான் இரண்டு கையாலும், ஒரு கடப்பாரையாலும் முயன்று பார்த்தேன். அசையவில்லை.

இதைப் பத்திரமாக வைத்துக்கொள். மறுபடி கேட்காதே.

முன்வாசல் வழியாகப் போ. மழையில் நனைந்தால் உனக்கு நெஞ்சுச் சளி வரும், சின்ன வயதிலிருந்தே.

நார்மன்

*

ஆஷ்லோட்,
22 செப்டம்பர் 1986

அண்ணா,

இன்று காலை பத்து மணிக்கு டெரெக் மடைச் சக்கரத்தைச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்தார். வாளித் தண்ணீரில் கழுவிக் கொண்டுவந்து பார் மேல் வைத்தார். "அருமையான வேலைம்மா. யார் கை இது?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு விரலால் சுற்றினார்.

சுற்றியது.

எட்டு மாதம் சேற்றில் கிடந்த சக்கரம், வெண்ணெயில் கத்தி இறங்குவது போலச் சுற்றியது. நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து நானும் சுற்றிப் பார்த்தேன். அவர் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். நான் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருந்தேன். "என்னம்மா, புது பொம்மையா?" என்று சிரித்தார், பாவம்.

விசாரணையில் பைபிளைத் தொட்டுவிட்டுப் பொய் சொன்னாய். பிறகு எனக்குக் கடப்பாரையையும் சேர்த்து எழுதினாய். முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. தன் வேலையில் தப்பில்லாதவன் எதற்காகத் தப்பு என்று சொல்வான்? யோசித்துக்கொண்டே உருளைக்கிழங்கு உரித்தேன். பாதிக் கிழங்கில் விளங்கிவிட்டது.

உனக்குத் தெரியும். நான் சொன்னது உனக்குத் தெரியும்.

தெரியாதென்று நினைத்துக்கொண்டு எட்டு மாதம் உன்னைத் திட்டினேன். என் வாயால் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

திறந்து எட்டாவது நாள். முதல் பெரிய ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. நாற்பத்திரண்டு பேர் முன்பதிவு செய்திருந்தார்கள். ஆறு காலையிலிருந்தே ஏறிக்கொண்டிருந்தது, எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சூப் குடித்தார்கள். பன்னிரண்டே முக்கால். ரெக் நிலவறைக் கதவிலிருந்து தலையை நீட்டினான். "மேவிஸ், மூணாம் படி தொட்டாச்சு. கரண்டை நிறுத்திட்டு மடையைத் திறந்துடட்டா?"

நான் பரிமாறும் ஜன்னல் வழியாகக் கத்தினேன். "இப்பவா? அடுப்புல நாப்பத்திரெண்டு புட்டிங் ஏறிட்டிருக்கு! கரண்டு போனா அத்தனையும் அமுங்கிப் போயிடும். இருவது நிமிஷம் குடு. ஆறு எங்க போயிடப் போவுது?"

பார் பக்கம் சிரித்தார்கள். யாரோ கைகூடத் தட்டினார்கள். என் கத்தலுக்குத்தான் சிரிக்கிறார்கள், என்ன விஷயம் என்று யாருக்கும் புரிந்திருக்காது என்று நினைத்தேன். ரெக்கும் சிரித்தான். "உத்தரவு மகாராணி" என்று சலாம் வைத்துவிட்டு, அதுவரை பீப்பாய்களையாவது மேலே ஏற்றலாம் என்று கீழே இறங்கினான்.

மாட்டிறைச்சி வறுவலோடு வைக்கும் வெறும் மாவுப் புட்டிங். முட்டையும் பாலும் மாவும். அது என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக ஏறியதே இல்லை அண்ணா. அடுப்புக் கதவைத் திறந்து அதைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டு நின்றபோதுதான் சத்தம் கேட்டது.

சக்கரம் இறுகியிருந்தது என்று நீ சொன்னதைத்தான் நான் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் சரி என்று சொல்லியிருந்தாலும் அவனால் திறந்திருக்க முடியாது என்று தினம் காலையில் சொல்லிக்கொண்டு எழுந்தேன். உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். இப்போது அதுவும் இல்லை.

ஏன் இப்படிச் செய்தாய்? உன் வேலை, உன் பெயர், ஊர், எல்லாம் போயிற்றே.

மேவிஸ்

*

பெரிக்,
28 செப்டம்பர் 1986

அன்புள்ள மேவிஸ்,

டெரெக் நல்ல வேலைக்காரர்போல் இருக்கிறது. அவ்வளவு ஆழம் தோண்டுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சக்கரம் மண்ணோடு போய்விடும் என்று நினைத்தேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். பேச்சு எனக்கு எப்போதும் வராது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ரெக் உன்னிடம் கேட்டுவிட்டு நேராகக் கீழே போகவில்லை. என்னிடம் வந்தான். நான் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து மணல் மூட்டை அடுக்கி வயிறு ஒட்டிப்போயிருந்தது. முன்னால் தட்டு, தட்டில் இறைச்சி, உன் புட்டிங்குக்காகக் காத்திருந்தேன். குனிந்து என் காதில் கேட்டான்: "நிஜமா சொல்லு, தாங்குமா?"

நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நான் கட்டின சுவருடா. இருவது நிமிஷம் என்ன, ரெண்டு மணி நேரம் நிக்கும். போ, பீப்பாயைத் தூக்கு."

நீ நேரம் கேட்டாய். சமையல்காரி நேரம் கேட்பாள், அதில் அதிசயமில்லை. நான் கொத்தன். மூன்று வாரம் மழை குடித்த மண் எவ்வளவு தள்ளும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியும் மேவிஸ். என் பெருமை அதைவிடப் பெரிதாக இருந்தது. அவன் உன் பேச்சைக் கேட்டுக் கீழே இறங்கவில்லை. என் பேச்சைக் கேட்டுத்தான் இறங்கினான்.

ஆகவே விசாரணையில் நான் சொன்ன காரணம் பொய். சொன்ன பெயர் சரிதான்.

இதை நீ யாரிடமும் சொல்லக்கூடாது. நீ அந்த பாருக்குப் பின்னால் நின்று தினம் அத்தனை பேர் முகத்திலும் விழிக்க வேண்டியவள். நான் போய்விட்டேன். போனவன் தலையில் பழி இருந்தால் யாருக்கும் பாரமில்லை. வீட்டை விற்காதே. திற. மாடி அறைகளுக்குத் தெற்கு ஜன்னல் வைக்க வேண்டும் என்று ரெக் என்னோடு ஒரு வாரம் சண்டை போட்டான். அந்த ஜன்னலில் யாராவது ஒருவர் காலையில் நின்று ஆற்றைப் பார்க்க வேண்டும்.

ராத்தூக்கம் வராவிட்டால் எழுது. எனக்கும் வருவதில்லை.

நார்மன்

*

ஆஷ்லோட்,
14 டிசம்பர் 1986

அண்ணா,

திறந்துவிட்டேன். விளம்பரம் இல்லை, கொடி இல்லை. போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்குக் கதவின் தாழ்ப்பாளை எடுத்தேன். ஆறு மணிக்கு விலாங்கு பிடிக்கும் பெர்சி வந்து எதுவும் நடக்காதது போல, "என்ன மேவிஸ், கசப்பு பியர் வந்துச்சா?" என்றார். அவருக்கு எழுபத்தொன்பது ஆகிறது, பார்த்தால் தெரியாது. மாடியில் ஒரு தம்பதி தங்கியிருக்கிறார்கள், பர்மிங்ஹாமிலிருந்து. தெற்கு ஜன்னல் அறை.

ஞாயிற்றுக்கிழமை குளிர்ந்த பன்றி இறைச்சியும் ரொட்டியும் ஊறுகாய் வெங்காயமும் மட்டும்தான். அடுப்பைப் போடுவதில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பியர் ஊற்றும்போதெல்லாம் உன்னைத் திட்டுகிறார்கள், எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. "ஒங்கண்ணன் மட்டும் வாயைத் திறந்திருந்தா" என்கிறார்கள். நான் குவளையைத் துடைத்துக்கொண்டே நிற்கிறேன். சரி என்று தலையாட்டிக்கூட இருக்கிறேன், ஒரு முறை.

என்னால் முடியாது. சொல்லிவிடப் போகிறேன்.

மேவிஸ்

*

பெரிக்,
18 டிசம்பர் 1986

மேவிஸ்,

சொல்லாதே. கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். இத்துடன் ஒரு கையுறை. திருமதி டாட்ஸ் பின்னியது. விரல் கொஞ்சம் நீளம்.

நார்மன்

*

ஆஷ்லோட்,
9 பிப்ரவரி 1987

அண்ணா,

மன்னித்துக்கொள். சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை ஆறு ஏறியது. வெள்ளிக்கிழமையே வெல்ஷ் மலையில் பனி உருகிவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். பதினோரு மணிக்கு முதல் படி. பெர்சி வாசலில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கால் மணிக்கு ஒரு தரம் உள்ளே பார்த்துக் கத்தினார். "ஒண்ணரை!" "ரெண்டு!" ஊர் முழுக்க வந்துவிட்டது. பீப்பாய்களை நான்கு பேர் மேலே ஏற்றினார்கள். போன வருடம் பிப்ரவரியில் உட்கார்ந்திருந்த அதே முகங்கள். சிலர் அதே நாற்காலிகளில்.

ஒன்றேகாலுக்கு பெர்சி எழுந்து நின்றார். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "மூணு."

டெரெக்கும் இன்னும் இரண்டு பேரும் நிலவறைப் பக்கம் நகர்ந்தார்கள். நான் நிறுத்தினேன். "நான் போறேன்" என்றேன். "போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டு ஊத்தினா யார் குடிக்கிறீங்கன்னு பாக்குறேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். சக்கரம் இரண்டு விரலுக்குச் சுற்றுகிறது என்று சொன்னேன். ரெக் கேட்டதையும் நான் இருபது நிமிடம் கேட்டதையும் சொன்னேன். என் அண்ணன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனதையும் சொன்னேன். நீ அவன் காதில் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அது உன்னுடையது.

யாராவது எழுந்து போவார்கள் என்று காத்திருந்தேன். காறித் துப்பினால்கூட நன்றாக இருக்கும் என்று இருந்தது. ஒருவரும் அசையவில்லை. பெர்சி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தெரியும் மேவிஸ்."

"என்ன தெரியும்?"

"நாங்கல்லாம் இங்கதான ஒக்காந்திருந்தோம். ரெக் கேட்டதும் காதுல விழுந்துச்சு, நீ சொன்னதும் விழுந்துச்சு. கை தட்டினது யாருன்னு நெனச்ச? நான்தான். பசி."

டோரா அழுதுகொண்டே பேசினாள். "மூணாம் படின்னா என்னன்னு இங்க யாருக்குத் தெரியாது? ஒருத்தர், ஒரே ஒருத்தர் எந்திரிச்சு, புட்டிங் கெடந்துட்டுப் போவுது, மடையைத் தொறந்து விடுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. அப்புறம் விசாரணையில நார்மன் தானா எந்திரிச்சு நின்னாரு பாரு... எங்க எல்லாருக்கும் அது சௌரியமாப் போச்சு. நீயும் அதையே நம்பிட்டிருக்கேன்னு நெனச்சோம். நம்பிட்டுப் போவட்டும்னு விட்டோம்."

நாற்பத்திரண்டு பேர் அண்ணா. நாற்பத்திரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு வருடமாகத் தெரிந்தே உன்னைத் திட்டியிருக்கிறார்கள், திறந்த நாளிலிருந்து என் முன்னால் உட்கார்ந்து திட்டிக்கொண்டே பியர் குடித்திருக்கிறார்கள். நான் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் எல்லோரையும்விட அந்த ஆறு யோக்கியம்.

நான் நிலவறைக்கு இறங்கினேன். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் முறை. டெரெக் விளக்கைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றார். சக்கரத்தில் கை வைத்தேன். இரண்டு விரல் போதுமானதாக இருந்தது. தண்ணீர் என் பாதத்தைத் தொட்டது. பழுப்பு நிறம், ஐஸ் போலக் குளிர். ரெக்கின் குவளையில் கசப்பு பியர் நிரப்பி எடுத்துப் போயிருந்தேன். அதைக் கவிழ்த்தேன். "உத்தரவு ராஜா" என்று சொன்னேன். பிறகு டெரெக்தான் என்னை மேலே தூக்கிக்கொண்டு வந்தார்.

மேலே வந்து எல்லோருக்கும் ஊற்றினேன். எல்லோரும் குடித்தார்கள். வழக்கமாகப் பாடுவார்கள், அன்று யாரும் பாடவில்லை.

இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். உன் குவளையைக் கொக்கியிலிருந்து இறக்கி உன் வேனில் வைத்தது பெர்சி என்றோ யாரோ ஊரார் என்றோ நீ நினைத்திருப்பாய். அது நான். விசாரணை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் செய்த காரியம் அதுதான். என் சொந்த அண்ணனை ஊரைவிட்டு அனுப்பியவள் நான். நீ எனக்காகப் பொய் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

குவளையைக் கொண்டுவா அண்ணா. கொக்கி காலியாக இருக்கிறது.

மேவிஸ்

*

பெரிக்,
16 பிப்ரவரி 1987

அன்புள்ள மேவிஸ்,

குவளை யார் வைத்தது என்று வேனில் உட்கார்ந்த அன்றே தெரியும். சமையல் நூலால் கட்டியிருந்தாய், இறைச்சியை அடுப்பில் வைக்கக் கட்டுகிற அதே முடிச்சு. ஆஷ்லோட்டில் வேறு யாருக்கும் அது வராது. நூலை அவிழ்க்காமல் பெரிக் வரைக்கும் கொண்டுவந்தேன். இன்னும் என் சட்டைப்பெட்டியில் இருக்கிறது.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. அதை நீ நம்ப வேண்டும்.

ஆனால் வரமாட்டேன் மேவிஸ். இரண்டு நாளாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பழி என் மேல் இருந்தபோது ஊருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன், அதனால் தாங்க முடிந்தது. தெரியாதவர்கள் திட்டினால் அது நியாயம். தெரிந்தே திட்டியிருக்கிறார்கள். பெர்சி நான் சின்னப் பையனாக இருந்தபோது எனக்குத் துடுப்புப் போடக் கற்றுக் கொடுத்தவர். நான் வேனைக் கிளப்பியபோது வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர்களோடு அந்த பாரில் உட்கார்ந்து என்னால் குடிக்க முடியாது. எனக்கு ஐம்பத்தொன்பது ஆகிறது. அவ்வளவு பேரை மன்னித்து முடிக்க நாள் போதாது.

என்னையே நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த வரிசையில் அவர்கள் எனக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

நீ விடாமல் எழுது. தெற்கு அறையில் யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று எழுது. வேறொன்றும் வேண்டாம்.

ஆறு பக்கம் எழுதியிருக்கிறாய், ஒன்றை மட்டும் எழுதவில்லை. சுவர் நின்றதா?

நார்மன்

*

ஆஷ்லோட்,
19 பிப்ரவரி 1987

அண்ணா,

நின்றது. ஐந்து நாள் தண்ணீர் இருந்தது, போன வியாழக்கிழமை வடிந்தது. டெரெக் விளக்கோடு இறங்கி ஒவ்வொரு வரிசையாகத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு செங்கல்கூட நகரவில்லை. உன் படத்தில் இருந்தபடியே கட்டினோம், இரண்டு செங்கல் கனம்.

தெற்கு அறையில் இந்த வாரம் ஒரு பள்ளி ஆசிரியை, தனியாக. காலையில் முட்டையும் காளானும். ஜன்னலை விட்டு நகரவே மாட்டேன் என்கிறாள்.

உன் கொக்கியில் நேற்று யாரோ புது ஆள் தன் குவளையை மாட்டினார். நான் இறக்கிவிட்டேன்.

மேவிஸ்